கிளாட் தேர்வு: தருக்கக் கேள்விகளைப் பழகுவது எப்படி?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வை மாணவர்கள் ‘கிளாட்’ என்றே அழைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடந்துவரும் இத்தேர்வில் 120 கேள்விகளுக்கு 120 நிமிடங்கள் தரப்படுகின்றன. கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. வினாத்தாளைப் பிரித்ததும் அது பொருந்தாமல் போகிறது, ஏனெனில் கேள்விகள் தனித்தனியாக இல்லை. ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் ஒரு பத்தி, அதன் கீழே ஐந்தாறு கேள்விகள் என்ற வகையிலேயே தாள் அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட 20 பத்திகள் என்று வைத்துக்கொண்டால், கேள்விகளையும் விடைத் தெரிவுகளையும் சேர்க்காமலே 9,000 சொற்கள் ஆகின்றன. அத்தனையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

இந்த அளவைப் பார்த்து மலைக்கும் மாணவர்களும் பெற்றோரும் முதலில் செய்வது கேள்விகளைக் குவிப்பது. நாளொன்றுக்கு 100 கேள்வி, வாரத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வு என்று அட்டவணை போடுகிறார்கள். உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நான் பார்த்தவரை, மொழிவழித் தருக்கக் கேள்விகளில் முன்னேற்றம் வருவது கேள்வியைப் போடும் நிமிடத்தில் அன்று. விடையைக் குறித்து முடித்த பின், மற்ற மூன்று தெரிவுகளும் எதனால் தவறு என்று தன் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கும் நிமிடங்களில்தான் அது வருகிறது. தமிழில் சிந்தித்துப் பழகிய மாணவர் அந்த விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். இது ஏன் என்று சொல்வதற்கு, இத்தேர்வு இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கிளாட் 2008-இல் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. மாணவர்கள் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. 2019 வரை நடந்த தாளில் 200 கேள்விகள் இருந்தன. ஒரு சொல்லுக்கு நிகரான சொல் எது, எதிர்ச்சொல் எது, இந்த இணைக்கு ஒப்பான இணை எது, வடக்கே நடந்து இடப்பக்கம் திரும்பினால் எந்தத் திசை, அவருடைய தந்தையின் ஒரே மகளின் கணவர் யார் என்பன போன்ற ஒற்றை வரிக் கேள்விகள் நிறைய. இவற்றுக்கு மனப்பாடமும் வேகமும் போதும். 2020-இல் தேர்வுமுறை மாறியது: கேள்விகள் 150 ஆகக் குறைந்தன, அனைத்தும் பத்தியை அடிப்படையாகக் கொண்டவை ஆயின. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து அந்த எண்ணிக்கையும் 120 ஆகிவிட்டது. சொற்பட்டியலை உருப்போட்டு மதிப்பெண் எடுக்கும் வழி இவ்வாறு அடைபட்டது.

இதே மாற்றம் அமெரிக்காவில் அதற்கு வெகு முன்பே நடந்திருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன் 2001-இல் ஆற்றிய உரையொன்றில், வசதியான ஒரு தனியார் பள்ளிக்குத் தாம் சென்றிருந்தபோது, 12 வயதுப் பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கைக்கான ‘சாட்’ தேர்வை மனத்தில் வைத்துச் சொல் ஒப்புமைக் கேள்விகளைப் பயின்றுகொண்டிருந்ததைக் கண்டதாகக் குறிப்பிட்டார். அறிதல் உளவியலில் பெயர் பெற்ற ஆய்வாளர் அவர். அந்தப் பிள்ளைகள் வாசிப்பையும் எழுத்தையும் வளர்த்துக்கொள்ளாமல் தேர்வு எழுதும் உத்தியை வளர்த்துக்கொள்வதே அவரை உறுத்தியது. 2005-இல் சாட் தேர்விலிருந்து சொல் ஒப்புமைக் கேள்விகள் நீக்கப்பட்டன. முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வும் 2011-இல் அவற்றையும் எதிர்ச்சொல் கேள்விகளையும் கைவிட்டது. பயிற்சி எதை வளர்க்கிறது என்ற கேள்வியே தேர்வின் வடிவத்தை மாற்றியது என்பதால் இந்த வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடிவம் மாறிய பிறகும் பழைய முறையிலேயே பயிற்சி எடுப்பவர்கள்தான் இன்றும் பெரும்பான்மையாக இருக்கிறார்கள்.

இன்றைய கிளாட்டில் ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 கேள்விகள், சட்டத் தருக்கத்துக்கு 28 முதல் 32, பொதுத் தருக்கத்துக்கு 22 முதல் 26 என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றையும் கூட்டினால் 72 முதல் 84 வரை, அதாவது தாளில் 60 முதல் 70 விழுக்காடு. பெயர் வேறாக இருந்தாலும் மூன்று பகுதிகளும் சோதிப்பது ஒரே திறனைத்தான்: பத்தியில் ஒரு வாதம் இருக்கிறதா, அதன் முடிவு எது, அதைத் தாங்கும் கூற்றுகள் எவை, சொல்லாமல் விடப்பட்டது எது, புதிய சூழலுக்கு அதைப் பொருத்தினால் என்ன ஆகும். நடப்புச் செய்திகளும் அடிப்படைக் கணக்கும் எஞ்சிய இரு பகுதிகள். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முதல் இடர்ப்பாடு சொல்லிலேயே இருக்கிறது. அன்றாடத் தமிழில் ‘அனுமானம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். பத்தியில் சொன்னவற்றிலிருந்து நாம் சென்று சேரும் கருத்தும் அனுமானம்தான். பத்தியை எழுதியவர் சொல்லாமலே உண்மை என்று கொண்டிருப்பதும் அனுமானம்தான். தேர்வில் இவ்விரண்டும் நேர் எதிரான திசைகளில் இருக்கின்றன: முன்னது வாதத்துக்குப் பின்னால் வருவது, பின்னது வாதத்துக்கு அடியில் கிடப்பது. இரண்டையும் ஒரே பெயரால் நினைக்கும் மாணவர் கேள்வியின் கடைசி வரியைச் சரியாகப் படித்தாலும் தவறான திசையில் தேடத் தொடங்குகிறார். முன்னதற்கு ‘உய்த்துணர்வு’ என்றும், பின்னதற்கு ‘எடுகோள்’ என்றும் பெயர் வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

எடுகோள் என்றால் என்ன என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. மணிமேகலையில் பல சமயத்தாரின் அளவைகள், அதாவது உண்மையை அறியும் வழிகள், பேசப்படும் பகுதியில், ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று துணிவது கருதல் அளவையின் ஒரு வகையாகக் கூறப்படுகிறது. விளைவைக் கண்டு காரணத்தை அறிவது இது. இப்போது இதே வாதத்தைத் திருச்சியில் காவிரிக்கரையில் நிற்கும் ஒருவர் ஜூன் மாத நடுவில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘ஆற்றில் நீர் ஏறியிருக்கிறது, ஆகவே மேற்கே மழை பெய்திருக்கிறது.’ குறுவைப் பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பது நினைவுக்கு வந்ததும் அந்த ‘ஆகவே’ தளர்ந்துவிடுகிறது. அன்றைய நீர் அணையில் தேங்கியிருந்த பழைய நீராக இருக்கலாம். வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட எடுகோள் இப்போது தெரிகிறது: ‘நீர் ஏறுவதற்கு மழையைத் தவிர வேறு காரணம் இல்லை.’ அணை இல்லாத காலத்துக் காவிரியில் இந்த எடுகோள் வலுவானது. அணை வந்த பிறகு வலுவிழந்தது. வாதத்தின் சொற்கள் மாறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிளாட்டின் தருக்கப் பகுதியில் ‘வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது’ என்று கேட்டால், பெரும்பாலும் மேட்டூர் அணையைத் தேடச் சொல்கிறார்கள் என்று பொருள். அதாவது, அதே விளைவைத் தரக்கூடிய வேறொரு காரணத்தை. ‘வலுப்படுத்துவது எது’ என்றால், அணை திறக்கப்படவில்லை என்று சொல்லும் தெரிவைத் தேட வேண்டும். ‘எந்த எடுகோளின் மேல் நிற்கிறது’ என்றால், வேறு காரணம் இல்லை என்பதைத் தேட வேண்டும். மூன்று கேள்விகளுக்கும் இருப்பிடம் ஒன்றே. கூற்றுக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அது. அந்த இடைவெளியைத் தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டவருக்கு நான்கு தெரிவுகளைப் படிக்க அரை நிமிடம் போதும். கண்டுபிடிக்காமல் தெரிவுகளுக்குள் நுழைந்தவரை ஒவ்வொரு தெரிவும் ஒரு பக்கமாக இழுக்கும்.

இதைச் சற்று விரிவாகப் பார்க்க, நானே புனைந்த ஒரு வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘ஓர் ஊரில் நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருக்கும்படி சென்ற ஆண்டு ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த ஆண்டு அவ்வூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி உயர்ந்திருக்கிறது. எனவே, மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் நூலக நேரத்தை நீட்டித்தால் தேர்ச்சி உயரும்.’ இதில் இடைவெளி ஒன்றல்ல, இரண்டு. நேரம் நீண்டதால்தான் தேர்ச்சி உயர்ந்தது என்பது ஒன்று. அந்த ஊரில் நடந்தது மற்ற ஊர்களிலும் நடக்கும் என்பது மற்றொன்று. இனித் தெரிவுகள் எப்படி அமையும் என்று பார்க்கலாம். ‘அந்த ஆண்டில் பள்ளிக்குப் புதிதாக இரண்டு கணித ஆசிரியர்கள் வந்தார்கள்’ என்பது முதல் இடைவெளியைத் தாக்குகிறது. ‘மற்ற ஊர்கள் பலவற்றில் நூலகமே மாணவர் வீடுகளிலிருந்து தொலைவில் இருக்கிறது’ என்பது இரண்டாவதைத் தாக்குகிறது. ‘நூலகத்தை நீண்ட நேரம் திறந்து வைக்க மின்கட்டணம் கூடுதலாகும்’ என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தேர்ச்சி உயருமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. திட்டம் வேண்டுமா என்ற வேறொரு விவாதத்துக்கு உரியது. ‘வாசிப்புப் பழக்கம் மாணவர்களுக்கு நன்மை தரும்’ என்பது யாரும் மறுக்க மாட்டாத நல்ல கருத்து. அதனாலேயே அது ஆபத்தான தெரிவு. பத்தியோடு தொடர்பில்லாமல் தன்னளவில் உண்மையாக ஒலிக்கும் வாக்கியத்தை மனம் உடனே ஏற்றுக்கொள்கிறது.

தவறான தெரிவுகளைப் பெயரிட்டு அறியத் தொடங்கினால், அவை ஐந்தாறு வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். பத்தி பேசாத விஷயத்துக்குப் போவது, பத்தி சொன்னதைவிட மிகுத்துச் சொல்வது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவது, பத்தியின் சொற்களையே எடுத்துத் தவறான உறவில் கோப்பது, உண்மையாக இருந்தும் கேட்ட கேள்விக்கு விடையாகாதது ஆகியவை அடிக்கடி வருபவை. கடைசி வகை நம் மாணவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். பள்ளித் தேர்விலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் வரும் ‘கூற்று, காரணம்’ கேள்விகளில், ‘கூற்றும் காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை’ என்ற தெரிவு இருக்குமே, அது கேட்பது இதைத்தான். அந்தக் கேள்விகளை மனப்பாடத்தால் கடந்துவிடாமல், விளக்குகிறதா இல்லையா என்று நின்று யோசித்த மாணவருக்குக் கிளாட் அந்நியமாக இராது.

அடுத்தது அளவைக் குறிக்கும் சொற்கள். ‘சிலர் வந்தார்கள்’ என்று நாம் பேசும்போது எல்லோரும் வரவில்லை என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. தருக்கத்தில் அந்தக் குறிப்பு கிடையாது. ‘சிலர்’ என்றால் ஒருவராவது என்று மட்டுமே பொருள், எல்லோரும் வந்திருந்தாலும் அந்தக் கூற்று பொய்யாகாது. ‘பெரும்பாலோர்’ என்பதற்குப் பாதிக்கு மேல் என்று பொருள். 40 பேர் உள்ள வகுப்பில் பெரும்பாலோர் கிரிக்கெட் ஆடுவார்கள், பெரும்பாலோர் நாளிதழ் படிப்பார்கள் என்றால், குறைந்தது 21 பேரும் 21 பேரும் ஆகிறார்கள். 40 பேருக்குள் 42 இடங்கள் அடங்க வேண்டுமாகையால் இருவராவது இரண்டையும் செய்தே தீர வேண்டும். இதே வகுப்பில் சிலர் கிரிக்கெட் ஆடுவார்கள், சிலர் நாளிதழ் படிப்பார்கள் என்றிருந்தால் இரண்டையும் செய்பவர் ஒருவர் உண்டு என்று சொல்ல வழியே இல்லை. பத்தியில் ‘மெனி’, ‘மோஸ்ட்’, ‘சம்’ போன்ற சொற்களை விரைவாகப் படித்துக் கடப்பவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

நிபந்தனைக் கூற்றுகளில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ‘ஹால் டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்பதும் ‘ஹால் டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்’ என்பதும் ஒன்றல்ல என்று எந்தத் தமிழருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னது, டிக்கெட் ஒன்றே போதும் என்கிறது. பின்னது, டிக்கெட் இல்லாமல் முடியாது என்று மட்டுமே சொல்கிறது. டிக்கெட்டோடு போயும் தாமதமாக வந்ததால் திருப்பி அனுப்பப்படலாம். போதுமான நிபந்தனைக்கும் தேவையான நிபந்தனைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தருக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை ‘தான்’ என்ற ஓர் இடைச்சொல் செய்துவிடுகிறது. ஆங்கிலப் பத்தியில் ‘ஒன்லி இஃப்’ என்று வரும் இடத்தில் மனத்துக்குள் ‘-ஆல்தான்’ என்று போட்டும், ‘அன்லெஸ்’ வரும் இடத்தில் ‘-ஆவிட்டால்’ என்று எதிர்மறையாக்கியும் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் குழம்பிய கூற்று தமிழில் தானாகத் தெளியும். தமிழ்வழியில் படித்தவர்கள் தங்கள் மொழியை இந்தத் தேர்வுக்கு ஒரு சுமையாகக் கருதுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் இத்தகைய இடங்களில் அவர்கள் கையில் இருப்பது கூரான கருவி.

ஆனால் ஓரிடத்தில் தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடக்கூடும். நாம் காரணங்களை முதலில் அடுக்கி, ‘ஆகவே’ என்று முடிவைக் கடைசியில் வைக்கப் பழகியவர்கள். ஆங்கில இதழ்களின் தலையங்க நடையில் முடிவு முதல் வாக்கியத்திலோ, மாற்றுக்கருத்து ஒன்றைச் சொல்லி அதை மறுக்கும் இரண்டாம் வாக்கியத்திலோ வந்துவிடும். பின்வருவன எல்லாம் அதற்கான ஆதாரங்கள். கடைசி வாக்கியத்தை முடிவு என்று எண்ணுபவர் ஆதாரத்தை முடிவாகக் குறித்துவிடுகிறார். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐயப்படும் இரு வாக்கியங்களை எடுத்து, அவற்றுக்கு நடுவில் ‘ஏனெனில்’ என்ற சொல்லைப் போட்டு இருவகையாகவும் படிக்க வேண்டும். எந்த வரிசையில் பொருள் நிற்கிறதோ, அதில் முன்னால் இருப்பது முடிவு.

சட்டத் தருக்கப் பகுதியைப் பற்றிச் சிலவே சொல்ல வேண்டும். இங்கே பத்தி ஒரு சட்ட விதியை விளக்கும். கேள்விகள் ஒரு நிகழ்வைச் சொல்லி விதியைப் பொருத்தச் சொல்லும். முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, சில சமயம் தெரிந்திருப்பதே இடையூறு. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. 1903-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ‘மோகரி பீபி’ வழக்கில் அளித்த தீர்ப்பு அதற்கு அடிப்படை. இதை அறிந்த மாணவர், 17 வயதுப் பையன் வயதை மறைத்துத் தவணையில் பைக் வாங்கிய கதையைப் படித்ததும் ‘செல்லாது’ என்று குறித்துவிடுவார். ஆனால் பத்தியிலேயே, வயதை வேண்டுமென்றே மறைத்தவர் ஒப்பந்தத்திலிருந்து தப்ப முடியாது என்று ஒரு விதி தரப்பட்டிருந்தால், அந்தத் தாளில் அதுவே சட்டம். விற்றவர் பாவம் என்ற இரக்கமும், பையன் சிறுவன்தானே என்ற இரக்கமும் விடையைத் தீர்மானிக்கக் கூடாது. இரக்கத்தை ஒதுக்கிவிட்டு விதியின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நிகழ்வில் எது ஒத்துவருகிறது என்று விரல்விட்டு எண்ணுவதே பழக வேண்டிய வேலை.

இனிப் பயிற்சியை நடத்தும் முறைக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான ‘எல்சாட்’ தேர்வுக்குப் படிப்பவர்களிடையே ஒரு நல்ல பழக்கம் உண்டு. முதல் முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேள்விகளைப் போடுவார்கள். ஐயம் இருந்த கேள்விகளுக்கு எதிரே ஒரு புள்ளி வைப்பார்கள். நேரம் முடிந்ததும் விடைக்குறிப்பைத் திறக்காமல், புள்ளி வைத்தவற்றை மட்டும் நேரக்கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போட்டு இரண்டாம் விடையைப் பக்கத்தில் எழுதுவார்கள். அதன் பிறகே விடைக்குறிப்பு. இப்போது கையில் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும், அவை இரண்டும் வெவ்வேறு செய்தி சொல்லும். கடிகாரத்தோடு தவறி, கடிகாரம் இல்லாமல் சரியானவை வேகத்தால் வந்த பிழைகள். இரண்டு முறையும் தவறியவை புரிதலால் வந்தவை. புள்ளியே வைக்காமல் உறுதியோடு குறித்துத் தவறியவைதான் மிகவும் கவனிக்க வேண்டியவை, ஏனெனில் அங்கே மாணவர் தன் பிழையைத் தானே உணரவில்லை. விடையை உடனே பார்த்துவிடுபவருக்கு இந்த மூன்றையும் பிரிக்க வழி கிடைப்பதில்லை. ‘அட, இது தெரிந்ததுதான்’ என்ற எண்ணத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அதன் பின் பிழைக் குறிப்பேடு. கேள்வியைப் படியெடுத்து ஒட்டுவதால் பயனில்லை. நான் குறித்த தெரிவு எது, அப்போது என்னை அது எதைச் சொல்லி இழுத்தது, சரியான தெரிவை நான் எதனால் ஒதுக்கினேன் என்ற மூன்று வாக்கியங்கள் போதும். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதக் கூடாது. அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. ‘பத்தியில் சில மாநிலங்கள் என்றிருந்தது, தெரிவில் மாநிலங்கள் என்று பொதுவாக இருந்ததைக் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே நிற்கும். இந்த முறையில் ஒரு பத்திக்கும் அதன் ஆறு கேள்விகளுக்கும் 40 நிமிடங்கள் ஆகலாம். ஆகட்டும். தொடக்க மாதங்களில் நாளுக்கு இரண்டு பத்திகளை இப்படி முடிப்பவர், நாளுக்குப் பத்துப் பத்திகளைப் போட்டு மதிப்பெண்ணை மட்டும் எண்ணுபவரைவிட முன்னால் இருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தக் கேள்விகளைப் பயன்படுத்துவது என்பதும் சிறிய விஷயமன்று. 2020 முதல் வந்த கிளாட் தாள்களே முதல் தரமானவை. அதற்கு முந்தைய தாள்களின் தருக்கப் பகுதி வேறொரு தேர்வு என்றே கொள்ளலாம். புதிய தாள்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் அவற்றைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாமல், பாதியை அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். எல்சாட் தேர்வின் பழைய தருக்கக் கேள்விகள் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு மிகச் சிறந்தவை. 2024 ஆகஸ்டில் அத்தேர்விலிருந்து ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு வாதக் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது. அவற்றில் பத்தி குறுகியது, பெரும்பாலும் ஒரு பத்திக்கு ஒரு கேள்வி. எனவே நீண்ட பத்தியைத் தாங்கும் பழக்கத்துக்கு நாளிதழ் நடுப்பக்கக் கட்டுரைகளை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையைப் படித்த பின் அதன் முடிவைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதி, அதற்குக் கீழே அக்கட்டுரை சொல்லாமல் விட்ட எடுகோள் ஒன்றையாவது எழுதுவது, கேள்வித்தாள் இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சி.

மாதிரித் தேர்வு விற்கும் நிறுவனங்களின் கேள்விகளில் பல மோசமாக எழுதப்பட்டவை. இரண்டு தெரிவுகள் சரியாக இருக்கும், அல்லது விடை விளக்கம் பத்தியில் இல்லாத செய்தியைச் சார்ந்திருக்கும். அத்தகைய கேள்வியோடு அரை மணி நேரம் போராடித் தன்மீதே நம்பிக்கை இழக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். உண்மையான தேர்விலும் இது நேர்கிறது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்பு டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் சில கேள்விகளின் மதிப்பெண் கணக்கை மாற்றும்படி ஆணையிட்டது. ஆகவே விடைக்குறிப்போடு மாறுபடும்போது, தன் காரணத்தை எழுதிவைத்துவிட்டு ஆசிரியரிடமோ நண்பரிடமோ காட்டி விவாதிப்பது தவறில்லை. விடைக்குறிப்புக்கு ஏற்றபடி தன் தருக்கத்தை வளைத்துக்கொள்வதுதான் கெடுதல்.

ஊகித்துக் குறிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 குறைப்பு, நான்கு தெரிவுகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.06 மதிப்பெண் கிடைக்கும். இது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் 0.17 ஆகிறது, இரண்டை நீக்கினால் 0.375. எனவே, தெரிவுகளை நீக்கத் தெரிந்தவருக்கே ஊகம் லாபம் தருகிறது. இதற்கும் அந்தப் பிழைக் குறிப்பேடுதான் அடிப்படை. மற்றபடி இந்தத் தேர்வில் பெரிய இழப்பு எதிர்மறை மதிப்பெண்ணால் வருவதன்று. ஒரு கேள்வியில் நான்கு நிமிடம் சிக்கிக்கொள்வதால் கடைசிப் பத்தியைப் படிக்காமலே விடுவதால் வருகிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் அதிகம் அறிமுகமாகவில்லை. மாநிலத்தின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கான சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. நுழைவுத் தேர்வு தேவையில்லை. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரக் கிளாட் எழுதியே ஆக வேண்டும். நம் ஊரிலேயே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் ஆங்கிலத்தில் மட்டும் கேட்கப்படும் 120 கேள்விகள் நிற்கின்றன. பிற இந்திய மொழிகளிலும் இத்தேர்வை நடத்த வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டதன் நியாயம் இங்கே புரிகிறது. தருக்கத் திறனை அளப்பதாகச் சொல்லும் தேர்வு, ஆங்கில வாசிப்பு வேகத்தையும் சேர்த்தே அளக்கிறது. அந்த வேகம் எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லாமல் பயிற்சி முறையை மட்டும் பேசுவது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

ஆனால் வாசிப்பு வேகமும் தருக்கமும் தனித்தனிக் குறைகள், அவற்றைத் தனித்தனியாகவே சரிசெய்ய வேண்டும். தமிழ்வழி மாணவர் ஜூன் மாதம் தொடங்கினால், முதல் இரண்டு மாதங்களில் தருக்கத்தை முழுக்கத் தமிழ்ப் பத்திகளில் பழகலாம். தமிழ் நாளிதழின் தலையங்கத்தை எடுத்து முடிவு, ஆதாரம், எடுகோள் என்று அடிக்கோடிடுவதில் மொழித் தடை எதுவும் இல்லை. அதே காலத்தில் ஆங்கிலத்தில் தினமும் அரை மணி நேரம், கேள்வியே இல்லாமல், வெறும் வாசிப்பு. ஆகஸ்டு முதல் இரண்டையும் இணைத்து, நேரக்கட்டுப்பாடு இன்றி ஆங்கிலப் பத்திகள், அக்டோபரில் கடிகாரம். தேர்வு காகிதத்தில் நடப்பதால், கைப்பேசித் திரையில் போடாமல் அச்சிட்ட தாளில் பென்சிலோடு போட்டுப் பழக வேண்டும். முடிவின் கீழே ஒரு கோடும், ‘பட்’, ‘ஹவெவர்’ போன்ற திருப்பச் சொற்களைச் சுற்றி ஒரு வட்டமும் போடுவதற்குத் திரையில் வசதியில்லை. தேர்வு முடிந்த சில நாட்களிலேயே பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, நவம்பர் கடைசி வாரத்தில் புதிய தாள் எதையும் எடுக்காமல், ஆறு மாதப் பிழைக் குறிப்பேட்டைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை படித்து முடிப்பதற்கு மட்டும் இடம் விட்டால் போதுமானது.